நிறுத்தும் உரிமை: ஜி.எஸ்.டி. சாலையோர வணிக மனைகளின் வரலாறு

கிண்டியில் தொடங்கித் தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் சாலை நெடுங்காலம் என்.எச். 45 என்றிருந்தது. 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டபோது அது 32, 132, 38 என்று துண்டுகளாயிற்று. சென்னைக்காரர்களுக்கு அது இன்றும் ஜி.எஸ்.டி. ரோடுதான், அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. இச்சாலையோரத்தில் மனை பேசுகிற தரகர் முதலில் சொல்வது முகப்பு எத்தனை அடி என்பதை. சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் முகப்பு இரண்டாம்பட்சம் என்று தெரிகிறது. ஓடுகிற வண்டி எங்கே நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமே சாலையோர நிலத்தை வணிக நிலமாக்கியது. அந்த அதிகாரம் கைமாறிய ஒவ்வொரு முறையும் வணிகமும் இடம் பெயர்ந்தது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

அறக்கொடையும் பேட்டையும்

மாட்டுவண்டிக் காலத்தில் எங்கே நிற்பது என்பதை மாடு முடிவு செய்தது. அது களைக்காமல் இழுக்கும் தொலைவுக்கு ஒரு தங்கல். அங்கே குளம், மண்டபம், சுமைதாங்கி, வசதியுள்ளவர் கட்டிவைத்த சத்திரம். ராணி மங்கம்மாள் (1689–1706) பெயரைச் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் தாங்கி நிற்பது தற்செயல் அல்ல. வழியில் நிறுத்திச் சோறிடுவது அரச கடமையின் ஒரு பகுதியாக இருந்தது. இவ்வகையில் நன்கு ஆவணப்பட்டவை ஜி.எஸ்.டி. சாலையில் இல்லை, இராமேசுவர யாத்திரை வழியில் இருக்கின்றன. தஞ்சை மராட்டியர் ஒரத்தநாடு, இராசாமடம், மீமிசல் முதலிய ஊர்களில் கட்டிய சத்திரங்களுக்குக் கிராமங்களையே மானியமாக எழுதிவைத்தனர். இவற்றின் நிர்வாகம் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று இரண்டாம் சரபோஜி 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். அங்கே பயணிக்குச் சோறும் நோயுற்றவருக்கு மருந்தும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைத்ததை அக்கடிதம் விவரிக்கிறது. நாட்டின் ஆட்சி கையைவிட்டுப் போய்விட்ட காலத்தில் ஓர் அரசர் சத்திரத்துக்காக மன்றாடினார் என்பது கவனிக்கத்தக்கது. வழிப்போக்கரை நிறுத்தும் இடம் யாருடையதோ, அவர் பெயரே வழியெங்கும் பேசப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சென்னைப் பக்கம் இதே வேலையை வணிகர்கள் செய்தார்கள். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி, அதன் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கிவைத்தார். பரங்கிமலைக்குப் போன யாத்திரிகருக்கான பாலம் தெற்கு நோக்கிய பெருஞ்சாலையின் வாசலாயிற்று.

கம்பெனி அரசு 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டத்தால் கோயில், சத்திரம், பாலம் ஆகியவற்றின் அறக்கொடைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. 1871, 1884 ஆண்டுகளின் உள்ளாட்சிச் சட்டங்களுக்குப் பிறகு சாலையும் சத்திரமும் உள்ளூர் வாரியங்களின் பொறுப்பாயின. இங்கேதான் முதல் பெரிய திருப்பம். கொடையால் நடந்த நிறுத்தம் வருமான இனமாக மாறியது. வண்டிப்பேட்டைக் கட்டணம், சந்தைக் குத்தகை, சுங்கச்சாவடி, சாலையோரப் புளியமர ஏலம் ஆகியவை வாரியக் கணக்கில் ஏறின. புளியமரக் குத்தகையைச் சிறிய விஷயமாகக் கருதக்கூடாது. சாலையின் விளிம்பு நிலத்திலிருந்து பொது அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் காசு பார்க்கலாம் என்பதற்கு நம்மிடம் உள்ள பழைய சான்றுகளில் அது ஒன்று. நான்கு வழிப்பாதைக்காக அந்த மரங்கள் வெட்டப்பட்டபோது நிழலோடு இந்த நிதி மரபும் போயிற்று.

1870களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து தெற்கே போன ரயில்பாதை இச்சாலையை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு உறங்கவைத்தது. தொலைதூரப் பயணி ரயிலேறிவிட்டார். சத்திரமும் சாப்பாட்டுக் கிளப்பும் நிலையத்தின் எதிரே போய் அமர்ந்தன. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே 1880களின் இறுதியில் எழுந்த இராமசாமி முதலியார் சத்திரம் இந்த இடப்பெயர்ச்சியின் கல் சாட்சி.

பேருந்து நிலையத்தின் காலம்

மோட்டார் வண்டி சாலையை எழுப்பியது. 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டத்தோடு உள்ளாட்சிகளின் சுங்கச்சாவடிகள் முடிவுக்கு வந்தன. வண்டியை மறிக்கும் உரிமையை இழந்ததற்கு ஈடாக அவற்றுக்கு இழப்பீடு தரப்பட்டது. 1928இல் உருவான பர்மா-ஷெல் போன்ற நிறுவனங்களின் பெட்ரோல் பங்குகள் ஊர் விளிம்புகளில் முளைத்தன. வண்டி உள்ளே திரும்புவதற்கும் வெளியேறுவதற்கும் தனித்தனி வாய்கள் வைத்து மனையைத் திட்டமிட்ட முதல் சாலையோரக் கட்டடம் பங்க்தான். பின்னால் வந்த மோட்டல்கள் அதையே பெரிதாக்கின.

ஆனால் நிறுத்தம் இன்னும் ஊருக்குள்தான் இருந்தது. பேருந்து திண்டிவனத்துக்குள் நுழைந்து, நிலையத்தில் நின்று, ஊருக்குள்ளிருந்தே வெளியேறியாக வேண்டும். நெடுஞ்சாலையே கடைத்தெரு. எனவே வணிக மதிப்பு நகராட்சி எல்லைக்குள் குவிந்தது. எல்லை தாண்டினால் வயல். பிரிட்டனில் 1935ஆம் ஆண்டின் சட்டம் சாலையின் நடுக்கோட்டிலிருந்து 220 அடிக்குள் கட்டடங்களைக் கட்டுப்படுத்தியது. சாலையைக் கட்டடங்கள் நெருக்கிவிடும் என்ற அந்தக் கவலை 1943இன் நாக்பூர் சாலைத் திட்டத்தின் வழியே இந்தியப் பொறியாளர்களிடமும் வந்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சமவெளியின் திறந்த பகுதிகளில் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டரில் கட்டடக் கோட்டையும், 75 மீட்டரில் கட்டுப்பாட்டுக் கோட்டையும் பரிந்துரைத்தது. பரிந்துரைக்குச் சட்டத்தின் பல் இல்லை. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தோடு மனைப்பிரிவுகள் சாலையை ஒட்டியே எழுந்தன. பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை இன்று நாம் காணும் இடைவெளியற்ற கடைவரிசை அந்த அலட்சியத்தின் விளைவு.

நடுத்தடுப்பு செய்த பாகப்பிரிவினை

தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 1995இல் இயங்கத் தொடங்கியது. 2000களில் முதலில் திண்டிவனம் வரையும் பின்பு திருச்சி வரையும் சாலை நான்கு வழியானது. அகலத்தைவிட இரண்டு மாற்றங்களே வணிகத்தைப் புரட்டின. ஒன்று புறவழி. பேருந்தும் லாரியும் ஊருக்குள் நுழையாமல் போயின. பேருந்து நிலையத்தை நம்பியிருந்த உணவகங்கள் மாலைக்குமேல் ஈயோட்டின. இன்னொன்று மீடியன் எனப்படும் நடுத்தடுப்பு. இருபுறத்துப் பயணிகளுக்கும் பொதுவாயிருந்த டீக்கடை ஒரே நாளில் பாதி வாடிக்கையை இழந்தது. இடதுபுறம் ஓட்டும் நாட்டில், சென்னையை விட்டுப் போகிறவருக்குக் கிழக்குப் பக்கம், சென்னைக்குத் திரும்புகிறவருக்கு மேற்குப் பக்கம். விடுமுறை தொடங்கும் வெள்ளி இரவு கிழக்கு மனைக்கு, ஞாயிறு மாலை மேற்கு மனைக்கு. ஒரே சாலை, ஒரே கிராமம், ஒரே சர்வே எண்ணின் இரு துண்டுகள். ஆனால் இரண்டு வேறு சந்தைகள். நடுத்தடுப்பில் எங்கே இடைவெளி விடுவது என்பது பொறியாளரின் வரைபடத்தில் சிறு கோடு. நிலக்காரருக்கோ அது தலைமுறைச் சொத்து. இடைவெளி வேண்டும், மூடக்கூடாது என்று ஊர்மக்கள் மறியல் செய்ததன் பொருளாதாரப் பொருள் இங்கே இருக்கிறது. விபத்தைக் காட்டி அதிகாரிகள் மூடியதும் நியாயமே. இரண்டு நியாயங்களுக்கும் நடுவே சர்வீஸ் ரோடு ஓர் அரைகுறைச் சமரசம்.

இதே ஆண்டுகளில்தான் உள்ளே நுழையும் வழியே அனுமதிக்குரிய பொருளாயிற்று. தேசிய நெடுஞ்சாலைகளின் நிலத்தையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்தும் 2002ஆம் ஆண்டுச் சட்டமும், எரிபொருள் நிலையங்களுக்கான 2003ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இதை வரையறுத்தன. வேகம் குறைக்க 70 மீட்டர் தடம், வேகம் கூட்ட 100 மீட்டர் தடம், தடுப்புள்ள சாலையில் அடுத்த பங்கிலிருந்து 1,000 மீட்டர் இடைவெளி. கடைசி விதியின் விளைவு பலரும் கவனிக்காதது. ஒருவர் அனுமதி பெற்றுவிட்டால் அக்கம்பக்கத்து நிலக்காரர் தனியாகப் பங்க் வைக்கும் வாய்ப்பு ஒரு கிலோமீட்டருக்கு அடைபடுகிறது. பாதுகாப்புக்காக எழுதிய விதி உள்ளூர் ஏகபோகத்தையும் கூடவே எழுதித் தந்தது. பட்டா நிலம் சொந்தமானது, ஆனால் அதற்குள் வண்டி திரும்பும் வழி உரிமத்தில் கிடைப்பது, புதுப்பிக்க வேண்டியது. தரகரின் பேச்சில் இந்த வேறுபாடு வருவதில்லை. பத்திரம் எழுதிய பிறகே பலர் அதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

திண்டிவனம்–விக்கிரவாண்டி பகுதியில் மோட்டல்கள் திரண்டதற்கும் நில வளமோ ஊர்ப்பெருமையோ காரணம் அல்ல. 2002இல் திறந்த கோயம்பேடு நிலையத்திலிருந்து இரவில் கிளம்பும் பேருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் அங்கே வந்து சேரும். ஓட்டுநருக்கு டீயும் பயணிக்குக் கழிப்பறையும் தேவைப்படும் நேரம். அரசுப் பேருந்து எந்த மோட்டலில் நிற்பது என்பதைப் போக்குவரத்துக் கழகம் ஒப்பந்தத்தில் முடிவு செய்தது. மோட்டல்காரர் அதற்குப் பணம் கட்டினார். கட்டிய பணத்தைப் பயணியிடமே எடுக்க வேண்டியிருந்ததால் விலை, தரம், கழிப்பறைக் கட்டணம் பற்றிய புகார்கள் ஓய்ந்ததில்லை. இருபது நிமிடம் இருட்டில் இறக்கிவிடப்பட்டவருக்கு வேறு கடை கிடையாது. கார்க்காரர் தானே தேர்ந்தெடுப்பவர். 2010ஐ ஒட்டிச் சாலையெங்கும் பித்தளை டபரா செட்டோடு கும்பகோணம் டிகிரி காபிக் கடைகள் பரவியது அவரைக் குறிவைத்தே. கும்பகோணத்துக்குப் போகாத சாலைகளிலும் அவை பரவின என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

நீதிமன்றமும் இந்தக் கணக்கில் நுழைந்தது. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேர்வரை வாழும் உள்ளாட்சிகளுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. பல உட்சாலைகளுக்கு நகர்ந்து, குடியிருப்புகளில் புதிய போராட்டங்களைக் கிளப்பின. சில மாநிலங்கள் சாலையின் வகைப்பாட்டையே மாற்றித் தப்பிக்கப் பார்த்தன. நெடுஞ்சாலை என்ற தகுதி அதுவரை மனைக்கு விலையேற்றியது. இத்தீர்ப்புக்குப் பின் ஒரு குறிப்பிட்ட வணிகத்துக்கு அதே தகுதி பாரமாயிற்று.

2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் தென்மாவட்டப் பேருந்துகளின் புறப்பாட்டு இடத்தையே நகரின் தெற்கு விளிம்புக்குத் தள்ளியது. ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் விடுதிகளும் உணவகங்களும் பெருகுவது கண்ணுக்குத் தெரியும் விளைவு. தெரியாதது இன்னொன்று: நகர நெரிசலைத் தவிர்த்துக் கிளம்பும் பேருந்துக்கு இரண்டாவது மணி நேரம் முடியும் இடம் மேலும் தெற்கே விழுகிறது. உளுந்தூர்பேட்டையை ஒட்டிய மனைகளை வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வரைபடத்தை அல்ல, பேருந்துக் கால அட்டவணையை.

நெடுஞ்சாலைகள் ஆணையமும் இப்போது வெறுமனே அனுமதி தரும் அமைப்பாக இல்லை. 2017இல் ஹைவே வில்லேஜ், ஹைவே நெஸ்ட் என்ற பெயர்களில் வழித்தட வசதி மையங்களை அறிவித்தது. 2021இல் 600க்கும் மேற்பட்ட இடங்களில், 30 முதல் 50 கிலோமீட்டருக்கு ஒன்றாக, ஏலத்தின் வழியே தனியாருக்குக் குத்தகை தந்து அவற்றைக் கட்டுவதாகத் திட்டமிட்டது. பங்க், உணவகம், மின் வாகனச் சார்ஜர், லாரி ஓட்டுநர் படுக்கை எல்லாம் ஒரே வளாகத்தில். சுங்கம் வசூலிப்பதும், நுழைவழி தருவதும், நுழைந்த பின் நிற்கும் நிலத்துக்கு வாடகை வாங்குவதும் ஒரே அமைப்பு. பக்கத்து வயலில் சொந்தமாக மோட்டல் கட்ட விரும்பும் விவசாயி, தன் வருங்காலப் போட்டியாளரின் நிலக்கிழாரிடமே நுழைவழிக்கு விண்ணப்பிக்கிறார்.