மரமேறும் கயிற்றில் உராய்வு முடிச்சுகளின் வரலாறு

உராய்வு முடிச்சு என்பது ஒரு கயிற்றின்மேல் மற்றொரு கயிற்றைப் பலமுறை சுற்றிப் போடப்படும் முடிச்சு வகையாகும். பளு விழும்போது அது கயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். பளு நீங்கியதும் கையால் மேலும் கீழும் நகர்த்தலாம். உயரமான மரங்களில் கயிற்றில் தொங்கியபடி கிளைகளைக் கழித்துச் சீர்செய்வோரின் உயிர் இம்முடிச்சை நம்பியே இருக்கிறது.

தொழிலின் தொடக்கம்

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் குடியேறிய ஜான் டேவி, 1901-ஆம் ஆண்டில் ‘மர மருத்துவர்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். மரங்களைப் பேணுதல் தனித்தொழிலாக வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தொழிலாளர்கள் அக்காலத்தில் மணிலாக் கயிற்றைப் பயன்படுத்தினர். இது பிலிப்பைன்ஸில் விளையும், வாழை இனத்தைச் சேர்ந்த அபாக்கா என்னும் செடியின் நாரால் ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் முதலிய செயற்கை இழைக் கயிறுகள் பரவின.

கயிறு அமைக்கும் முறை

எடை கட்டிய மெல்லிய நூலை உறுதியான கிளைக்கவட்டின் மேல் எறிந்து, அதன் வழியாக ஏறுகயிற்றை இழுத்துப் போடுவர். கயிற்றின் ஒரு நுனி இடுப்புக் கச்சையில் கட்டப்படும். அந்த நுனியில் மிச்சம் விட்ட பகுதியைக் கொண்டு, கிளையின் மறுபுறம் தொங்கும் கயிற்றின்மேல் உராய்வு முடிச்சு போடப்படும். கயிறு இரட்டையாக ஓடுவதால், ஏறக்குறைய பாதி எடையே முடிச்சின்மேல் விழுகிறது. ஆனால் ஓரடி உயர இரண்டடிக் கயிறு இழுக்க வேண்டும்.

இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது டாட்லைன் முடிச்சு. வேலையின்போது அது உருண்டு, அதன் வால்நுனி சிறிது சிறிதாக உள்ளே இழுபடும் குறை உடையது. நுனியில் தடுப்பு முடிச்சு இல்லையெனில் அவிழ்ந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே ஏறுபவர் வேலைக்கிடையே அதை அடிக்கடி பார்த்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

மலையிலிருந்து மரத்துக்கு

ஆஸ்திரிய மலையேறுநரான கார்ல் புரூசிக் 1931-இல் தம் பெயரால் அறியப்படும் முடிச்சை வெளியிட்டார். முதல் உலகப் போர்க்காலத்தில் அறுந்த இசைக்கருவி நரம்புகளைச் சரிசெய்ய அவர் இதைக் கையாண்டதாகக் கூறுவர். முதன்மைக் கயிற்றைவிட மெல்லிய கயிற்று வளையத்தால் இது போடப்படுகிறது. இரு திசையிலும் பிடிக்கும்.

ஆஸ்திரியரான ஹைன்ஸ் புரோஹாஸ்கா 1981-இல் மலை வழிகாட்டிகளுக்கான இதழொன்றில் வேறொரு முடிச்சை விளக்கினார். கயிற்றை நான்கு சுற்றுச் சுற்றி, நுனியைக் கீழிரண்டு சுற்றுகளின் அடியில் நுழைத்து வெளியே எடுப்பது அதன் முறை. டாட்லைனைப் போல அது எளிதில் உருள்வதில்லை. 1990-இல் குகை ஆய்வாளர்களின் இதழிலும் அதை எழுதினார். ஆயினும் மரத்தொழிலில் அது பரவவில்லை. ஜேசன் பிளேக் என்பவர் அதைத் தாமாகவே கண்டறிந்து, 1994-இல் மரத்தொழில் இதழுக்குக் கடிதமாக எழுதிய பிறகே அது பரவியது. அதனால் இத்தொழிலில் அது ‘பிளேக் முடிச்சு’ என்றே பெயர் பெற்றது.

சரிசெய்தல்

எந்த முடிச்சாயினும் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒழுங்காக அமைய வேண்டும். தரையை விட்டு எழுமுன், தாழ்ந்த உயரத்திலேயே முழு எடையையும் போட்டுப் பிடிப்பைச் சோதிப்பர். முடிச்சு வழுக்கினால் சுற்றைக் கூட்டுவர், நகர மறுத்தால் குறைப்பர். பிளேக் முடிச்சில் சுற்றைக் கூட்டிக்குறைப்பதில்லை. அவிழ்த்து ஒழுங்காக மறுபடி போடுவர். புதிய கயிறும் பழைய கயிறும் ஈரக் கயிறும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. வேகமாக இறங்கினால் உராய்வுச் சூட்டில் செயற்கை இழை உருகி வழவழப்பாகும். அத்தகைய பகுதியை வெட்டி நீக்க வேண்டும்.

முடிவுரை

1981-இல் அச்சில் வந்த ஒரு முடிச்சு மரமேறுவோரிடையே பரவப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. அத்தனை ஆண்டுகளும் அவர்கள் உருளும் முடிச்சிலேயே தொங்கினர். மலையேறுவோர், குகையில் இறங்குவோர், மரம் கழிப்போர் ஆகிய மூவரும் கயிற்றை நம்பி வாழ்பவர்களே. எனினும் ஒருவர் இதழை மற்றவர் படிக்கவில்லை. ஒரு தொழிலின் அறிவு அடுத்த தொழிலுக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.