நாய்க்கு ஏன் நடுகல்? பெங்களூரு அருங்காட்சியகத்தின் வேட்டைச் சிற்பம் சொல்லும் கதை

பெங்களூரு கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு கல் இருக்கிறது. அதில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதுகின்றன. மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்த இந்தக் கல்லின் காலம் கி.பி. 949-50.

யார் அந்த நாய்?

பேரு காளி. 949-ல் தக்கோலத்தில் (இன்றைய ராணிப்பேட்டை மாவட்டம்) ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரின் படை சோழர்களை வென்றது. சோழ இளவரசர் ராஜாதித்தர் களத்தில் இறந்தார். கிருஷ்ணர் பக்கம் போரிட்டவர் கங்க மன்னர் இரண்டாம் பூதுகர். அவருடைய வீரர் மணலேரரிடம், “என்ன வேணும், கேள்” என்றபோது, அவர் கேட்டது காளியை. பின்னர் ஒரு வேட்டையில் காளியும் பன்றியும் சண்டையிட்டு இரண்டுமே இறந்தன.

காளிக்குக் கல் நட்டு, பூஜைக்கு நிலமும் கொடுத்தார்கள். கல்லுக்குப் பூஜை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால், நாய் செய்த பாவம் அவரைச் சேரும் என்கிறது கல்வெட்டு.

மற்ற இடங்களில்?

பண்டைய அசீரியாவில் விரல் நீளமே உள்ள உருளை முத்திரைகளை ஈரக் களிமண்ணில் உருட்டுவார்கள். அதில் வேட்டைக் காட்சி பதியும். அரண்மனைச் சிற்பங்களில் சிங்கத்தை வீழ்த்துபவர் எப்போதும் அரசர்தான். நினிவே அரண்மனையில் காவலுக்காகப் புதைத்த களிமண் நாய் பொம்மைகளுக்குப் பெயர் உண்டு. ஒன்றின் பெயர்: “யோசிக்காதே, கடி!” ஆனால், அவை பொம்மைகள். காளி உண்மையில் வாழ்ந்த நாய்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவர் கால நடுகல்லில், வீரனோடு கோவிவன் என்ற நாயும் பெயரோடு இடம்பெற்றுள்ளது.

நமக்கு ஏன் முக்கியம்?

ராஜாதித்தர் மரணத்துக்கு எதிர்த்தரப்பு விட்டுச்சென்ற ஒரு முக்கியச் சாட்சி, ஒரு நாயின் நினைவுக்கல்லில் இருக்கிறது. இப்படிப்பட்ட கற்கள் நம்ம ஏரியாவிலும் உண்டு. பொம்மனஹள்ளிக்குப் பக்கத்துலேயே பேகூர் நாகேஸ்வரர் கோயிலில், ‘பெங்களூரு’ என்ற பெயர் வரும் சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது.

நகரம் பெருகும்போது இவை சாலையோரத்திலும் கட்டடக் குப்பையிலும் காணாமல்போகின்றன. மிதிக் சொசைட்டி இவற்றை முப்பரிமாண ஸ்கேன் செய்து பதிவுசெய்கிறது. சைட் பக்கம் சிற்பம் உள்ள கல் கண்ணில் பட்டால், நகர்த்தாதீங்க, பெயின்ட் அடிக்காதீங்க. போட்டோ எடுத்து, லொகேஷனோடு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க.