மலேரியா (வட சிலாங்கூர்த் தோட்டங்கள்)

அனோபிலிஸ் பெண் கொசுவின் கடியால் பரவும் குளிர்காய்ச்சல். 2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 26.3 கோடித் தொற்றுகள் ஏற்பட்டன. 5,97,000 பேர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். சிலாங்கூரில் இந்நோயின் வரலாறு ரப்பரின் வரலாறும்கூட. ஆள்சேர்த்த கங்காணிகளை நம்பிக் கப்பலேறிய தமிழர்கள் காடு வெட்டிய இடத்திலேயே லயங்கள் எனும் வரிசை வீடுகளில் தங்கினார்கள். காய்ச்சலுக்கு முதலில் இரையானவர்களும் அவர்கள்தாம்.

கொசுவே நோயைக் கடத்துகிறது என்பதற்கான முதல் சான்றை 1897இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டார். 1901இல் கிள்ளானில் மருத்துவப் பணியேற்ற மால்கம் வாட்சன், ஊரைச் சுற்றியிருந்த சதுப்பை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். கோலசிலாங்கூர் போன்ற தாழ்ந்த கடலோர நிலத்துக்கும் அந்த வழி பொருந்தியது. அங்கு நோய் பரப்பிய அனோபிலிஸ் அம்ப்ரோசஸ், காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அதற்கு வாழ்விடமில்லை.

உலு சிலாங்கூர் மாவட்டத்திலுள்ள ராசா என்னும் ஊரைப் போல மலையடிவாரத்தில் அமைந்த தோட்டங்களில் கதை தலைகீழானது. மேட்டுநில ஓடைகளில் வாழும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸுக்கு வெயில் படும் தெளிந்த நீரே பிடிக்கும். கரையோர மரங்களை வெட்டி ஓடையைத் துப்புரவாக்கியதே அதற்கு வாய்ப்பாயிற்று. கடலோரத்தில் உயிர் காத்த வேலை மலையோரத்தில் உயிர் பறித்தது. இவ்வேறுபாட்டைப் பிரித்தறிந்ததே வாட்சன் செய்த பெரும்பணி. பள்ளத்தாக்கு நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுபோவதும், ஓடையில் எண்ணெய் தெளிப்பதும் இதிலிருந்து பிறந்த முறைகள். 1911இல் வெளியான அவரது நூலில் இவ்வனுபவங்கள் பதிவாயின. இந்த அறிவு விளையுமுன் புதைக்கப்பட்ட தொழிலாளர்களில் பலர் கணக்கில் வெறும் எண்களாகவே நிற்கிறார்கள். இவ்வரலாற்றில் வாட்சனின் பெயருக்குப் பக்கத்தில் இடம்பெற வேண்டியவர்கள் அவர்கள்.

தீபகற்ப மலேசியாவில் ஒழிப்புத் திட்டம் 1967இல் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளித்தார்கள், இரத்தத் துளி எடுத்துச் சோதித்தார்கள். 2018 முதல் மனித மலேரியா உள்நாட்டில் எவருக்கும் தொற்றவில்லை.

மலேசியாவில் இப்போது எஞ்சியிருப்பது குரங்கிலிருந்து வரும் நோலெசி வகை. சபா, சரவாக் மாநிலங்களில் மிகுதி என்றாலும், ராசா அடங்கிய உலு சிலாங்கூர் மாவட்டத்திலும் 2009க்கும் 2013க்கும் இடைப்பட்ட தொற்றுகளை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அங்கே அதைக் கடத்துவதாக அவர்கள் கண்டறிந்தது அனோபிலிஸ் இன்ட்ரோலேட்டஸ் என்னும் காட்டுக் கொசு. வீட்டுச் சுவரில் தெளிக்கும் மருந்து, காட்டுக்குள் கடிக்கும் அக்கொசுவை எட்டாது.