உடலுட்பதி அலைவாங்கி

உடலுட்பதி அலைவாங்கி (ஆண்டெனா) என்பது, இதயமுடுக்கி போன்று உடலுக்குள் பொருத்தப்படும் மருத்துவக் கருவிகள் வெளியிலுள்ள கருவிகளுடன் வானொலி அலைகள் வழியே தொடர்பு கொள்ள உதவும் சிறு உறுப்பு ஆகும். பெயரில் 'வாங்கி' என்றிருப்பினும் இது அலைகளைப் பரப்பவும் செய்கிறது.

பின்னணி

நெடுங்காலமாக, இதயமுடுக்கியின் தரவுகளைப் படிக்கக் கம்பிச்சுருள் கொண்ட கைக்கருவி ஒன்றை நோயாளியின் மார்பின் மேல் வைக்க வேண்டியிருந்தது. மின்காந்தத் தூண்டலால் நிகழும் இத்தொடர்பு சில சென்டிமீட்டர் தொலைவே எட்டும். 1999 இல் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைப் பட்டையை இத்தகைய கருவிகளுக்கென ஒதுக்கியது. 2009 இல் இது 401 முதல் 406 வரை விரிவாக்கப்பட்டது. நோயாளி உறங்கும்போதே படுக்கையருகிலுள்ள கருவி தரவுகளைப் பெற்று மருத்துவருக்கு அனுப்புவது இவ்வகை வானொலித் தொடர்பால் இயன்றது.

திசுக்களின் விளைவு

403 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் சுமார் 74 செ.மீ. எனவே வழக்கமான அரை அலைநீள அலைவாங்கிக்கு 37 செ.மீ நீளம் வேண்டும். இதயமுடுக்கியோ உள்ளங்கைக்குள் அடங்குவது. இங்கு உடலே ஓரளவு கைகொடுக்கிறது. இந்த அதிர்வெண்ணில் தசையின் ஒப்புமை விடுதிறன் சுமார் 57 ஆதலால், தசைக்குள் அலைநீளம் 10 செ.மீ-க்கும் குறைவாகச் சுருங்குகிறது. கால் அலைநீளம் என்பது இரண்டரை செ.மீ அளவே. கம்பியைச் சுருளாகவோ பாம்பு போல் வளைத்தோ அமைத்து, ஒரு முனையை நிலத்தளத்துடன் இணைத்தால் அதனை மேலும் சிறிதாக்கலாம்.

ஆனால் தசை உப்பு நீர் நிறைந்தது, மின்சாரத்தைக் கடத்துவது. சுமார் 5 செ.மீ தசையைக் கடப்பதற்குள் அலையின் ஆற்றல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகி விடுகிறது. மிகுதி வெப்பமாகிறது. உடலுக்கு வெளியே பரவும் திறன் 25 மைக்ரோவாட்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது விதி. உள்ளே திறனைக் கூட்டினால் திசு சூடாகும். மின்கலமும் விரைவில் தீரும். மின்கலம் தீர்ந்தால் கருவியை மாற்ற மீண்டும் அறுவை மருத்துவம் தேவைப்படும்.

வடிவமைப்பு

உலோகம் திசுவை நேரடியாகத் தொட்டால் மின்னோட்டம் கசியும். ஆகவே அலைவாங்கியின் மேல் சிலிக்கோன் அல்லது பீங்கான் போன்ற, உடல் ஏற்கும் மின்காப்புப் பொருள் பூசப்படுகிறது. டைட்டானியம் உறை அலைகளைத் தடுப்பதால், இதயமுடுக்கிகளில் அலைவாங்கி பெரும்பாலும் உறைக்கு மேலுள்ள நெகிழித் தலைப்பகுதியில் வைக்கப்படுகிறது. பூச்சின் தடிப்பு சிறிது மாறினாலும் ஒத்ததிர்வு அதிர்வெண் நகர்ந்துவிடும்.

மாதிரிகள் முதலில் நீர், சர்க்கரை, உப்பு கலந்த கூழில் அமிழ்த்திச் சோதிக்கப்படுகின்றன. எனினும் கூழ் ஒரே சீரானது. உடலோ தோல், கொழுப்பு, தசை எனப் பல அடுக்குகளால் ஆனது. கொழுப்பின் ஒப்புமை விடுதிறன் ஆறுக்கும் குறைவு. நோயாளி பருத்தாலோ மெலிந்தாலோ கருவியைச் சூழ்ந்த அடுக்குகள் மாறி, ஒத்ததிர்வும் மாறும். பதித்தபின் அலைவாங்கியை வெளியே எடுத்துத் திருத்த இயலாது என்பதால், தேவையானதை விட அகன்ற பட்டையில் இயங்குமாறே அது வடிவமைக்கப்படுகிறது.