கொதிகலன் ஆலையிலிருந்து கல்லீரல் வரை

ராயக்கோட்டையில் ஒருவருக்குக் கல்லீரலில் கட்டி என்று சந்தேகம் வந்தால், ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ முதலில் ஓர் அல்ட்ராசவுண்ட். ரயிலேறி பெங்களூரு போனால் அங்கே சிடி, அதற்கும் மேல் எம்ஆர்ஐ, சில சமயம் பெட் ஸ்கேன். "அதான் ஸ்கேன் எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல நூறாண்டுக்கும் மேல் பின்னே போகவேண்டும். வழியில் மருத்துவர்களைவிட வேறு தொழில்காரர்களையே அதிகம் சந்திப்போம்.

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1934-இலேயே பர்னார்டு கதிரியக்க நிலையம் வந்துவிட்டது. ஆனால் எலும்பு பளிச்சென்று தெரிந்த படத்தில் கல்லீரல் வெறும் சாம்பல் நிழல்தான். உள்ளே இருக்கும் கட்டி கண்ணில் படாது.

இங்கே கசகசா நுழைகிறது. 1901-இல் பாரிஸ் மருந்தாளர் மார்செல் கெர்பே, கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்து லிபியோடாலைத் தயாரித்தார். 1921 வாக்கில் சிக்கார், ஃபாரெஸ்டியே என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் அதை வலிக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தபோது, எண்ணெய் போன இடமெல்லாம் எக்ஸ்-ரேயில் தெரிந்தது. வலி மருந்து படம்பிடிக்கும் மருந்தானது. அறுபது ஆண்டு கழித்து ஜப்பானியர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள்: கல்லீரல் தமனி வழியே செலுத்தினால் நல்ல பகுதி அந்த எண்ணெயைக் கழித்துவிடுகிறது, புற்றுக்கட்டியோ வாரக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதோடு புற்றுமருந்தைக் கலந்து அனுப்பும் சிகிச்சை இன்றும் நடக்கிறது.

அல்ட்ராசவுண்ட் வந்தது தொழிற்சாலையிலிருந்து. ஓசூர் சிப்காட் போன்ற இடங்களில் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் சோதிக்கிறார்களே, அதே வித்தைதான். 1955-இல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, அறுவையில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் ஆலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் தயாராக இருந்தது. ஆலைக் கருவி கட்டியையும் சதையையும் பிரித்துக் காட்டியது.

சிடியைப் பெற்றெடுத்தது பாட்டுக் கம்பெனி. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத்தை வெளியிட்ட எச்.எம்.வி.யின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யில் வேலை பார்த்தவர் ஹவுன்ஸ்பீல்டு. 1971 அக்டோபரில் அவர் கருவி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. அதன் கணக்கை அதற்கு முன்பே எழுதிவிட்டார் கேப் டவுனிலிருந்து வந்த அலன் கார்மாக். அவர் கட்டுரையைக் கேட்டு எழுதிய மிகச் சிலரில் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையமும் ஒன்று! 1979-இல் இருவருக்கும் நோபல். அடுத்த ஆண்டே இ.எம்.ஐ. ஸ்கேனர் தொழிலைவிட்டு விலகியது. பின்னால் வந்த ஜிஇ, சீமென்ஸ் சந்தையைப் பிடித்தன. அந்த ஜிஇ 1990-இல் விப்ரோவுடன் கூட்டு சேர்ந்து பெங்களூருக்கு வந்தது.

இத்தனை இருந்தும் ஒன்று ஏன் போதவில்லை? கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. நல்ல பகுதிக்கு முக்கால் பங்கு போர்ட்டல் சிரை தருகிறது. அங்கேயே தோன்றும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனியிலிருந்து உறிஞ்சுகிறது. அதனால் சாய மருந்து போட்டு சிடி எடுத்தால், அரை நிமிடத்தில் கட்டி பளிச்சிடும். சில நிமிடத்தில் சுற்றியுள்ள பகுதியைவிட மங்கிவிடும். சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ: கல்லீரல் செல்கள் மட்டும் உறிஞ்சும் கடோலினிய மருந்து போட்டு இருபது நிமிடம் பொறுத்தால் கல்லீரல் வெளுக்கும், கட்டி பெரும்பாலும் கறுப்பாகவே நிற்கும். குடல் புற்று கல்லீரலுக்குப் பரவியதைக் காட்டுவதில் பெட் கெட்டி. கல்லீரலிலேயே பிறந்த புற்றைப் பலமுறை தவறவிடும். பெட்டையும் சிடியையும் ஒரே இயந்திரத்தில் டவுன்சென்டும் நட்டும் சேர்த்தது 1998-இல்தான்.

வெட்டுவதற்கு முன்னும் இந்தப் படங்களே வழி காட்டுகின்றன. 1957-இல் பிரெஞ்சுக்காரர் குய்னோ கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். கட்டி எந்தப் பகுதியில், எந்த ரத்தக்குழாயை ஒட்டி நிற்கிறது என்று பார்த்து, மிஞ்சும் கல்லீரலை சிடியில் அளக்கிறார்கள். நல்ல கல்லீரலில் கால் பங்காவது மிஞ்ச வேண்டும். சுருங்கிய கல்லீரல் என்றால் நாற்பது சதவீதம்.

ஆகவே இரண்டாவது ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் உடனே கோபப்படாதீர்கள். இது எதைக் காட்டப்போகிறது என்று கேளுங்கள். பழைய படங்களையும் அவை பதிந்த குறுந்தட்டையும் தூக்கி எறியாமல் பெங்களூருக்குக் கையோடு கொண்டுபோங்கள். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி, கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.