பொய்யின் கைவரிசையைக் கற்பித்த வகுப்பறைகள்

1930-களின் அமெரிக்காவில் சார்லஸ் காக்லின் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் வானொலிப் பேச்சை லட்சக்கணக்கான குடும்பங்கள் காத்திருந்து கேட்டன. மிச்சிகன் மாநிலத்தின் ராயல் ஓக் ஊரிலிருந்து பேசிய அவர், அந்தப் பத்தாண்டின் இறுதியில் யூத வெறுப்பையே பிரசங்கமாக்கிவிட்டார். 1939-இல் அவருடைய பேச்சை அச்சிட்டு, வரிகளுக்கு நடுவே சின்னச் சின்னப் படங்களைப் பதித்து ஒரு புத்தகம் வந்தது. எதிராளிக்குக் கெட்ட பெயர் சூட்டும் இடத்தில் கவிழ்த்த கட்டைவிரல். பளபளப்பான வெற்றுச் சொற்கள் வரும் இடத்தில் ஒரு ரத்தினக்கல். ‘நானும் உங்களைப் போல ஒருவன்தான்’ என்று குழையும் இடத்தில் பழைய காலணி. பேச்சைப் படிப்பவர் கண்ணில் அதன் தந்திரமும் சேர்ந்தே பட்டது.

புத்தகத்தை வெளியிட்டது நியூயார்க்கில் 1937-இல் தொடங்கப்பட்ட பிரச்சார ஆய்வுக் கழகம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிளைட் மில்லர் அதை நடத்தினார். பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் பணம் தந்தார். பிரச்சாரத்தின் உத்திகளை அவர்கள் ஏழாகப் பிரித்தார்கள்: பெயர் சூட்டி இழிவுபடுத்துதல், அலங்காரப் பொதுச்சொற்கள், மதிப்புள்ள ஒன்றின் பெருமையை ஒட்டவைத்தல், பிரபலங்களின் சான்று, சாமானிய வேடம், பாதகமானதை மறைத்துச் சாதகமானதை மட்டும் அடுக்குதல், ‘ஊரே வருகிறது, நீயும் வா’ என்று இழுத்தல். இந்தப் பட்டியல் பள்ளிகளுக்குப் போனது. மாணவர்கள் நாளிதழிலும் விளம்பரத்திலும் இந்த ஏழு உத்திகளையும் தேடிப் பிடித்தார்கள்.

கூடவே ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. எல்லாவற்றிலும் தந்திரத்தைத் தேடப் பழகிய பிள்ளைகள் எதையுமே நம்பாதவர்களாகிவிடுவார்கள் என்றார்கள் விமர்சகர்கள். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. அரசே பிரச்சாரம் செய்யும் காலத்தில் அதைப் பிரித்துக் காட்டும் அமைப்புக்கு இடமிருக்கவில்லை. 1942-இல் கழகம் மூடப்பட்டது.

அடுத்த திருப்பத்துக்கும் ஒரு போர்தான் பின்னணி. 1953-இல் கொரியப் போர் ஓய்ந்தபோது, சிறைப்பட்டிருந்த அமெரிக்க வீரர்களில் 21 பேர் தாய்நாடு திரும்ப மறுத்துச் சீனாவுக்குப் போனார்கள். மூளைச்சலவை என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. நேற்றுவரை உறுதியாக இருந்த நம்பிக்கை எப்படிச் சரிகிறது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட உளவியலாளர்களில் ஒருவர் வில்லியம் மெக்குவையர்.

1960-களின் தொடக்கத்தில் அவர் நடத்திய சோதனைகளில் எடுத்துக்கொண்டவை அரசியல் கொள்கைகள் அல்ல. ‘ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்குவது நல்லது’ என்பது போல யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கைகள். ஒரு பிரிவினருக்கு நம்பிக்கையை ஆதரிக்கும் வாதங்களை மட்டும் கொடுத்தார். இன்னொரு பிரிவினருக்கு அதற்கு எதிரான வலுக்குறைந்த வாதத்தையும் அதற்கான மறுப்பையும் கொடுத்தார். பிறகு கடுமையான எதிர்வாதம் வந்தபோது, ஆதரவை மட்டும் படித்தவர்களை விட மற்றவர்களே தாக்குப்பிடித்தார்கள். வலுவிழந்த கிருமியை உடலில் செலுத்தி நோயைத் தடுப்பதற்கு இணையாக இதைக் கண்ட மெக்குவையர், தடுப்பூசிக் கோட்பாடு என்றே பெயரிட்டார்.

இணையம் வந்த பிறகு இந்தக் கோட்பாட்டுக்குப் புதிய வேலை கிடைத்தது. 1998-இல் ஒருவர் கேலிக்காக உருவாக்கிய தளம், அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துவருகிறது என்றது. சில ஆண்டுகளில் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டினார்கள். இணையத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான். ஆனாலும் கிட்டத்தட்ட எல்லோரும் நம்பிவிட்டார்கள். படித்த பெரியவர்களும் தப்பவில்லை. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க் குழு வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் என மூன்று தரப்பும் இணையப் பக்கங்களை எப்படி எடைபோடுகின்றன என்று ஒப்பிட்டது. முதல் இரு தரப்பில் பலர் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்து, அதன் தோற்றத்தில் மயங்கினார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளிலேயே அதை விட்டு வெளியேறி, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அவர்களுக்கே சரியான விடை விரைவில் கிடைத்தது.

2018 பிப்ரவரியில் தடுப்பூசிக் கோட்பாடு விளையாட்டாகவே வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யோன் ரோசன்பீக், சாண்டர் வான் டெர் லிண்டன் இருவரும் ஒரு டச்சு அமைப்புடன் சேர்ந்து உருவாக்கிய ‘பேட் நியூஸ்’ அது. ஆடுபவர்தான் அதில் போலிச் செய்தி வியாபாரி. ஆள்மாறாட்டம், உணர்ச்சியைத் தூண்டுதல், பிளவுபடுத்துதல், சதிக்கதை கட்டுதல், குறை சொன்னவர் மேல் சேறு பூசுதல், சீண்டிக் கலகம் மூட்டுதல் என ஆறு உத்திகளைக் கற்று ஆறு பதக்கங்கள் வாங்க வேண்டும். அப்பட்டமாகப் புளுகினால் நம்பகத்தன்மை சரியும். சுமார் 15,000 பேரின் பதிவுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வின்படி, ஆடிய பிறகு அவர்கள் போலித் தலைப்புகளுக்கு முன்பைவிடக் குறைவான மதிப்பெண் போட்டார்கள்.

அதே 2018-இல் இந்தியாவில் வதந்தி உயிர்களைப் பறித்தது. குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாகச் சொன்ன வாட்ஸ்அப் வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கும் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அந்த மே மாதத்தில் கூட்டம் அடித்தே கொன்றது. வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஏற்ப மாற்றிய விளையாட்டைப் பின்னர் வட இந்தியாவில் 757 பேரிடம் சோதித்தார்கள். 2023-இல் வெளியான முடிவு: குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை.

அதே ஆண்டு வேறு இரு உளவியலாளர்கள் பழைய ஆய்வுகளின் தரவை மறுபடி அலசினார்கள். ஆடியவர்களுக்குப் பொய்யையும் உண்மையையும் பிரித்தறியும் திறன் வளரவில்லை, எல்லாவற்றையும் பொய் என்று சொல்லும் போக்கே கூடியது என்றார்கள். 1930-களின் அதே குற்றச்சாட்டு, இம்முறை கணக்கோடு வந்தது. இடையில் இன்னோர் ஆய்வு, அவ்வப்போது தேர்வு வைத்தால் பயிற்சியின் பலன் 3 மாதமாவது நிற்கிறது, இல்லாவிட்டால் 2 மாதத்தில் தேய்ந்துவிடுகிறது என்று காட்டியிருந்தது.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் வேறு வழியில் போனது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிரான வதந்திகளால் பெற்றோர் தயங்கியதைப் பார்த்த மாவட்ட நிர்வாகம், 2018-இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தி பற்றிய வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் இப்படி ஒரு பாடம் வர வேண்டும். அதில் போலிச் செய்திக்கு இணையாக உண்மைச் செய்திகளையும் கலந்து கொடுத்து, எதை நம்பலாம், ஏன் நம்பலாம் என்று மாணவரைச் சொல்லவைக்க வேண்டும். ஒரு நாள் முகாமாக முடித்துவிடாமல் ஒவ்வொரு பருவத்திலும் திரும்ப நடத்த வேண்டும்; பயிற்சிக்கான செய்திகளை அந்தந்த ஊரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுபவற்றிலிருந்தே எடுக்க வேண்டும்.