மூளையின் தோற்றமும் ஒழுங்காக்கியும்

உடலின் ஏனைய உறுப்புக்களை ஆள்வது மூளை. ஆயினும், தான் உருவாகும் வேளையில் அம்மூளையே அயலிலுள்ள இழையத்தின் சொல்லுக்குக் காத்திருக்கிறது. இவ்வுண்மை வெளிப்பட்ட இடம் ஜேர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழகம்.

அங்கு பேராசிரியராயிருந்த ஹான்ஸ் ஸ்பேமான், நியூற்று என்னும் வாலுள்ள ஈரூடகவாழியின் முளையத்தை ஆராய்ந்து வந்தார். இளமுளையம் கலங்களாலான ஒரு சிறு உருண்டை. அதன் ஒருபுறத்தில் பிளவொன்று தோன்றும். பிளவின் மேலுதட்டுக் கலங்கள் உள்ளே சுருண்டு சென்று புறப்படையின் கீழே பரவும். அவற்றின் மேலுள்ள புறப்படையே பின்னர் மூளையும் முண்ணாணும் ஆகின்றது. அவ்வாறாயின், மூளையாக வேண்டுமென்று தீர்மானிப்பது புறப்படையா, கீழே வந்த இழையமா?

ஸ்பேமானின் மாணவி ஹில்டே மாங்கோல்ட் அம்மையார் 1921, 1922 ஆம் ஆண்டுகளில் இதற்கு விடை கண்டார். வெளிறிய நிறமுடைய ஓரின முளையத்தின் மேலுதட்டை நுண்ணிய கண்ணாடி ஊசியால் வெட்டியெடுத்து, கருநிறமுடைய வேறோரின முளையத்தின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினார். அவ்விடத்தில் இரண்டாவது முளையமொன்று எழுந்தது! ஒட்டிய வெளிறிய கலங்கள் பெரும்பாலும் முதுகுநாணாயின. ஆனால் புதிய நரம்புத் தட்டோ பெரும்பகுதியும் கருநிறக் கலங்களாலானது. தோலாக வேண்டிய கலங்கள் அயலாரின் தூண்டலால் நரம்பிழையமாயின. அம்மேலுதட்டுக்கு ‘ஒழுங்காக்கி’ என்று ஸ்பேமான் பெயரிட்டார்.

ஆராய்ச்சிக் கட்டுரை 1924 இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே, வீட்டில் நேர்ந்த தீவிபத்தில், இருபத்தைந்து வயதில் அம்மையார் மறைந்தார். 1935 இல் நோபல் பரிசு பெற்றவர் ஸ்பேமான் ஒருவரே.

1932 இல் மற்றொரு வியப்பு நிகழ்ந்தது. கொல்லப்பட்ட ஒழுங்காக்கியும் நரம்பிழையத்தைத் தூண்டியது. எனவே தூண்டுவது ஏதோ ஓர் இரசாயனப் பொருளே என்பது தெளிவாயிற்று. மறு ஆண்டில், அம்மையாரின் கணவர் ஓட்டோ மாங்கோல்ட், உள்ளே பரவிய இழையத்தின் முற்பகுதி தலையுறுப்புக்களையும், பிற்பகுதி உடல், வால் உறுப்புக்களையும் தூண்டுவதைக் காட்டினார். ஆகவே மூளை எங்கே அமைவது என்பதையும் அயலிழையமே வகுக்கின்றது.

அப்பொருளைத் தேடியோர் அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. தவளை முளையங்களில் 1992 இல் நொகின் என்ற புரதமும், 1994 இல் கோர்டின் என்ற புரதமும் கண்டறியப்பட்டன. இவை மூளையை உண்டாக்கும் கட்டளைகள் அல்ல. புறப்படையைத் தோலாகும்படி ஏவும் வேறொரு புரதத்தைப் பற்றிப்பிடித்து, அதன் செயலைத் தடுப்பவை. அத்தடை நீங்கியதும் கலங்கள் தம்முள் உறைந்திருந்த ஆற்றலால் நரம்பிழையமாகின்றன.

நல்லாசிரியர் அறிவைப் புகட்டுவதிலும் பார்க்க, மாணவரின் அறிவை மறைக்கும் தடையை நீக்குவதே மேல் என்பர். ஒழுங்காக்கி செய்யும் பணியும் அத்தகையதே.